மறுகோளின் இருபத்தாறாம் கதை

மன்னாரில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் தொடங்கிவிடுவார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் அது இரண்டாக உடையும். எங்களுடைய சங்கம் மட்டும் பதினோரு பேருடன் எட்டு வருடமாக உடையாமல் இருந்தது. பதினோரு பேரில் ஒன்பது பேர் நிர்வாகசபை என்பதால் உடைப்பதற்கு ஆள் போதவில்லை. செயலாளர் நான், யோசேப். கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் என்றபடியால் அந்த மன்றத்தில் நடந்த விசர்த்தனம் முழுவதும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மன்றத்தின் பெயர் ‘மறுகோள்’ ரசிகர் மன்றம். மறுகோள் என்பது பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலத் தொடர் ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர். கிழமைக்கு ஒரு கதை, ஒரு கிரகம், அதே சில நடிகர்கள் வேறு வேறு வேடத்தில். 1990ஆம் ஆண்டு ஞாயிறு பின்னேரங்களில் அக்கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வந்தது. தென்னைமரத்தில் அன்ரனா கட்டினால் எங்களுக்கும் எட்டும். சோழகக் காற்று அடித்தால் படம் போய்விடும், சத்தம் மட்டும் இருக்கும். எங்களுக்கு இங்கிலீசு விளங்காததால் சத்தம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நடிகர்களின் பெயர் ஓடும்போது திரையில் புள்ளி மழை. ஆகவே பெயரையும் நாங்களே வைத்தோம். மெல்லிய மீசைக்காரர் எங்கள் சங்கக்கடை மனேச்சரைப் போல இருந்ததால் அவர் ‘மனேச்சர்’. நெடுத்தவர் ‘தோணிக்காரன்’. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அழுகிற பெண் ‘பெரியம்மா’. இவர்களில் யார் பெரிய நடிகர் என்பதில் மன்றத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒன்பதாம் கதையில் ராக்கெட்டிலிருந்து தலைக்கவசத்தோடு இறங்குவது மனேச்சரா தோணிக்காரனா என்று மட்டும் மூன்று கூட்டம் நடந்தது.

மூன்றாவது கூட்டத்தில் ஸஜானா எழுந்து தன் போனைக் காட்டினாள். அவள் எங்கள் பொருளாளர் மர்சூக்கின் மகள், விஞ்ஞான ரீச்சர், இணையத்தில் கிடைத்த கதைகளையெல்லாம் துப்புரவான பிரதியில் பார்த்து முடித்தவள்.

“அங்கிள், அது ரெண்டு பேரும் இல்லை. அது வேற ஆள். இஞ்ச பேர் போட்டிருக்கு, பாருங்கோ.”

தலைவர் கொன்ஸ்ரன்ரைன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, பேரை ஆரும் எழுதலாம். நாங்கள் ஆளையே பாத்தனாங்கள்.”

குறிப்பில் நான் இப்படி எழுதினேன்: ‘இணையத்தளத்தின் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது. இறங்கியவர் மனேச்சரே என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

கூட்டம் நடப்பது பஸாரில் மர்சூக்கின் மின்சாரச் சாமான் கடை மேல்மாடியில். மூர் வீதியில் அவர்கள் வீட்டு முன் ஹோலில் இருந்துதான் கொன்ஸ்ரன்ரைன் அண்ணனும் மர்சூக்கும் நானும் ஆறு மாதம் மறுகோள் பார்த்தோம். மர்சூக்குக்கும் எனக்கும் அப்போது பதினைந்து வயது. கொன்ஸ்ரன்ரைன் அண்ணனுக்குப் பதினேழு. அந்த ஒக்ரோபரில் முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கம் அறிவித்தது. மர்சூக்கின் குடும்பமும் வள்ளம் ஏறியது. இருபத்தேழு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவன், முதல் வேலையாக எங்கள் இரண்டு பேரையும் தேடிப் பள்ளிமுனைக்கு வந்தான். அன்றைக்கு நாங்கள் மறுகோளைத்தான் கதைத்தோம். வேறு என்னத்தைக் கதைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இந்த மன்றமே அப்படித்தான் பிறந்தது.

கொன்ஸ்ரன்ரைன் அண்ணன் தலைவராக இருப்பதற்கு ஒரே ஒரு தகுதி, அவர் இருபத்தாறாம் கதையைப் பார்த்தவர். அதுதான் கடைசிக் கதை. படச்சுருள் தொலைந்துவிட்டது என்று இணையத்திலேயே எழுதியிருந்தார்கள். உலகத்தில் ஒருவரிடமும் இல்லாத கதை எங்கள் தலைவரின் வாயில் இருந்தது. நான் பார்க்கவில்லை. ஒக்ரோபர் செபமாலை மாதம் என்று அம்மா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டா.

ஆண்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று அதைச் சொல்வார். சந்திரனில் ஒரு தபால் கந்தோர். தபால் மாஸ்ரர் எங்கள் மனேச்சர். ஒன்பது வருடமாக ஒரு கடிதம் வரவில்லை. தினமும் பெருவிரலை நக்கிக் கலண்டர் தாளைக் கிழித்து, வெறும் தாளில் முத்திரை குத்துகிறார். கடைசி நாள் ஒரே ஒரு கடிதத்துடன் கப்பல் வருகிறது. மூன்றாவது பொத்தான் இல்லாத கோட்டைப் போட்டுக்கொண்டு வாங்கி, முகவரியைப் பார்த்து, பிரிக்காமலே பெட்டியில் வைக்கிறார். ‘இப்பெயருடையவர் இங்கு இல்லை.’ அந்த ஒரு வரி இங்கிலீசு மட்டும் தனக்கு விளங்கியது என்பார். அவ்வளவுதான். கொன்ஸ்ரன்ரைன் அண்ணன் மேசையில் முத்திரை குத்துகிற குத்தில் தேத்தண்ணி தளும்பும்.

இது சுத்தப் பொய் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கந்தோரில் முப்பது வருடம் லிகிதராக இருந்த ஆளுக்குத் தபால் கந்தோர்க் கதை வராமல் வேறு என்ன வரும்? ஆனாலும் கேட்டோம். கந்தோரிலும் அவர் சொல்லை ஒருவரும் கேட்பதில்லை, வீட்டில் பெண்சாதி மாக்கிறட் அக்காவும் கேட்பதில்லை. ஊரில் அவர் ஒரு ஆள் என்றால் இந்தக் கதையால்தான். அதைப் பிடுங்கிப்போட்டு நாங்கள் என்னத்தைக் காணப் போகிறோம் என்று நான் பேசாமல் இருந்தேன்.

போன மாசி மாதம் ஸஜானா கூட்டத்தில் சொன்னாள்: “இருபத்தாறாவது கிடைச்சிருக்கு. வெளிநாட்டில ஒராள் பழைய சுருளைக் கண்டெடுத்து ஏத்தியிருக்கிறார்.”

உபதலைவர் நிறோஜனின் முகத்தில் நத்தார்ப் பண்டிகை வந்துவிட்டது. தலைவர் கதிரையில் அவனுக்கு ஐந்து வருடமாக ஒரு கண்.

“அப்ப போட்டுப் பாப்பம். தலைவர் சொன்ன மாதிரியே இருந்தா அவர் சாகுமட்டும் தலைவர். இல்லையெண்டா மற்ற அலுவலைப் பாப்பம்.”

கொன்ஸ்ரன்ரைன் அண்ணன் இது தவக்காலம், கேளிக்கை கூடாது என்றார். பாஸ்கா முடியட்டும் என்று விட்டோம். முடிந்ததும் புரொஜெக்ரர் சரியில்லை என்றார். மர்சூக் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். மன்றத்தின் யாப்பு விதிகளில் படம் காட்ட இடமில்லை என்றார். யாப்பு என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிடிபடப் போகிறேன் என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. நிறோஜனை மாடிப்படியில் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், யன்னலுக்குப் போர்வை கட்டி, சுவரில் படத்தைப் போட்டோம்.

சந்திரன். தபால் கந்தோர். மனேச்சர். நிறோஜன் கதிரை நுனிக்கு வந்தான். மனேச்சர் பெருவிரலை நக்கினார். கலண்டர் தாளைக் கிழித்தார். யாரோ பின்னால் “அட கடவுளே” என்றார்கள். கப்பல் வந்தது. அவர் கோட்டை எடுத்துப் போட்டார். மூன்றாவது பொத்தான் இல்லை. கடிதத்தைப் பார்த்தார், பெட்டியில் வைத்தார், வாயைத் திறந்தார். ஸஜானா அதை மெதுவாகத் தமிழில் சொன்னாள்: “இப்பெயருடையவர் இங்கு இல்லை.”

ஒரு சொல் பிசகவில்லை. போர்வையைக் கழற்றுவதற்குள் கைதட்டல் கிளம்பிவிட்டது. நிறோஜன்கூட எழும்பி நின்று தட்டினான், வேறு வழியில்லை. ஒரு மனிதனை எட்டு வருடம் பொய்யன் என்று நினைத்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தது. ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். அவருடைய சேட் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

“அண்ணை, வெண்டுட்டீங்கள்!”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மர்சூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மர்சூக் கைதட்டவில்லை. புரொஜெக்ரரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்து, மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்.

“எந்த ரீவியில பாத்தனீ?”

கொன்ஸ்ரன்ரைன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

“சண்டை தொடங்கி ஊரில கரண்ட் இல்லை. பற்றரியில ஓடின ரீவி எங்கட ஒண்டுதான். கடைசிக் கதை வந்த ஞாயிறு நாங்கள் கடக்கரையில மழைக்க நிக்கிறம், வள்ளத்துக்கு. சாமான் ஒண்டும் கொண்டுபோக விடேல்ல. சொல்லு, எந்த ரீவி?”

கைதட்டல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

“நான் ஒண்டும் எடுக்கேல்ல மர்சூக்,” என்றார் அவர். “மாதா அறிய ஒண்டும் எடுக்கேல்ல. கதவு திறந்துதான் கிடந்தது. பற்றரியில சார்ச் இருந்தது. கடைசிக் கதைதானே எண்டு… பாத்திட்டு நிப்பாட்டிப்போட்டு வந்திட்டன். அடுத்த நாள் போனா வீட்டில ஒரு சாமானும் இல்லை. ஆர் எடுத்தது எண்டு எனக்குத் தெரியாது.”

“நீ பொய் சொல்லுறாய் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நம்பினனான்,” என்றான் மர்சூக். “ஒவ்வொரு வருசமும் நீ சொல்லேக்க உள்ளுக்க சிரிப்பன். பொய்தானே, சொல்லட்டும் எண்டு. நீ பொய்யன் எண்டதாலதான் உன்னோட இருந்து தேத்தண்ணி குடிச்சனான்.”

அவன் கத்தியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஸஜானா எழுந்து வாப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். புத்தளத்தில் பிறந்த பிள்ளை அவள். மூர் வீதி வீட்டை அவள் கண்டதில்லை. இவர்கள் திரும்பி வருவதற்கு முன்பே அது இடிந்து அத்திவாரம் மட்டும் கிடந்தது.

“அங்கிள்,” என்றாள். “உம்மம்மா மௌத்தாகும் வரைக்கும் அந்த வீட்டைத்தான் கதைச்சவா. எங்களிட்ட ஒரு படம்கூட இல்லை. கடைசியா உள்ளுக்க போனது நீங்கள்தானே. அந்த ஹோல் எப்பிடி இருந்தது? என்னென்ன கிடந்தது? சொல்லுங்கோ.”

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். கொன்ஸ்ரன்ரைன் அண்ணன் கண்ணை மூடி யோசித்தார். கோட்டில் எத்தனையாவது பொத்தான் இல்லை என்பதை முப்பத்தைந்து வருடம் மறக்காத மனிதர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். மர்சூக்கும் காத்திருந்தான்.

“தெரியேல்ல பிள்ளை,” என்றார் கடைசியில். “நான் ரீவியைத்தான் பாத்தனான்.”

ஸஜானா திரும்பி என்னைப் பார்த்தாள். ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் அந்த ஹோலில் இருந்தவன் நான். சுவரின் நிறம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.