நான்காம் மாடிக் கரை

பொம்மனஹள்ளி ஸ்ரீநிதி என்கிளேவின் நான்காம் மாடிப் பால்கனியிலிருந்து பிரிஜெட் பிடித்த முதல் மீன் முக்கால் கிலோ எடையுள்ள கெண்டை. பால்கனிக்கு நேர் கீழே கார் நிறுத்துமிடம். அங்கிருந்து மூன்றாம் மாடி ஜன்னல்களின் மேல்விளிம்பு வரை, தினமும் மாலை ஐந்தரை மணியிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை தண்ணீர் நிற்கும். பால் விடாத டீயின் நிறம். மூன்றாம் மாடிக்காரர்கள் அந்த நேரத்தில் அதற்குள்ளேயே உட்கார்ந்து டிவி பார்த்தார்கள், அவர்களுக்கு மூச்சு முட்டவில்லை. இரண்டாம் மாடியில் மட்டும் துணி காய ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், முதல் மாடிக் குழந்தைகளுக்கு ஜூலையில் சளி சற்று அதிகம். குடியிருப்போர் சங்கம் இதைப் பற்றி ஒருமுறை விவாதித்தது. லிப்ட் அடிக்கடி நின்றுபோவதுதான் இதைவிட அவசரம் என்று முடிவாகி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பிரிஜெட் விவேக் நகரில் பிறந்தவள். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருடம் சால்டரிங் வேலை பார்த்தாள். அவள் கணவர் ஆண்ட்ரூ கோலார் தங்க வயல்காரர், அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தார். மீன் பிடிக்கும் பழக்கம் அவர் கொண்டுவந்தது. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பி ஏதாவது ஒரு ஏரிக்கரையில் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். பேசினால் மீன் ஓடிவிடும் என்று ஆண்ட்ரூ சொன்னதால் முதலில் அவள் பேசாமல் இருந்தாள். போகப் போக, பேசாமல் இருப்பதற்காகவே மீன் பிடிக்கப் போனாள். ஒரே தண்ணீரில் இரண்டு தக்கைகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது, வீட்டில் ஒரே கட்டிலில் படுப்பதைவிட நெருக்கமான விஷயம் என்று அவளுக்கு ஒருநாள் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் ஏரிகள் ஒவ்வொன்றாக மூடின. சிலவற்றுக்கு வேலி வந்தது, சிலவற்றில் நுரை வந்தது, சிலவற்றைச் சுற்றி நடைபாதை போட்டு மீன் பிடிக்கத் தடை என்று பலகை வைத்தார்கள். ஓய்வு பெற்றதும் தண்ணீர் ஓரமாக ஒரு வீடு பார்த்துப் போய்விடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அவள் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது ஆண்ட்ரூ மாரடைப்பில் இறந்தார். இரண்டு பேர் சேர்ந்து போட்ட திட்டம் அவள் ஒருத்தி கையில் நின்றது.

மகள் லவினா எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோராம் மாடியில் இருந்தாள். அவள் கணவன் ஸ்ரீஹர்ஷா நல்ல பையன், மாமியாரை அத்தே என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவர்கள் வீட்டில் முட்டை கூட உள்ளே வராது.

"மம்மி, ரூம் காலியாத்தான் கிடக்கு. வந்துடு. மீன் மட்டும் வேணாம், அவ்ளோதான்."

"நான் சமைக்க மாட்டேன்டி. பிடிக்கறதோட சரி."

"பிடிச்சுட்டு? லிப்ட்ல தூக்கிட்டு வருவியா? ஹர்ஷா அம்மா வாராவாரம் வராங்க மம்மி. என்னைக் கொன்னுடுவாங்க."

பிரிஜெட்டுக்குக் கோபம் வரவில்லை. மகள் சொன்னது நியாயம். ஆனால் அந்தக் காலி அறையை நினைத்தபோது, அதில் தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது உள்ளே வந்தால் சிரித்து, போனால் சிரிப்பை நிறுத்திக்கொண்டு இருப்பது தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

வீடு தேடுவதற்கு அவளிடம் ஒரே ஒரு முறைதான் இருந்தது, அது ஆண்ட்ரூ கற்றுக்கொடுத்த மீன் முறை. புதுத் தண்ணீரில் முதல் நாளே தூண்டில் முள் போடக் கூடாது. ராகி மாவில் கடலைப் புண்ணாக்கும் சோம்பும் பிசைந்து உருட்டி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏழு நாள் சும்மா போட வேண்டும். எட்டாம் நாள் மீன் தானாக அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். வராவிட்டால் அது உனக்கான தண்ணீர் இல்லை. ஓய்வு பெற்ற மறுமாதம் அவள் ஒரு பையில் ராகி மாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக ஒரு வீட்டின் மாடி அறையில் தங்கினாள். ஐந்தாம் நாளே மீன் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கார அம்மா தினமும் வாசலில் நின்று "ஒப்பரேனா?" என்று கேட்டாள். தனியாகவா என்று அர்த்தம். ஐந்து நாள் ஆமாம் என்று சொன்னாள். ஆறாம் நாள், கணவர் நாளைக்கு வருகிறார் என்று பொய் சொன்னாள். எட்டாம் நாள் காலை தூண்டிலைப் பிரிக்காமலே பஸ் ஏறினாள். அடுத்து, தங்க வயலுக்கு அருகே ஒரு ஏரி. அங்கே மீன் வரவில்லை, ஆண்ட்ரூவின் உறவுக்காரர்கள் வந்தார்கள். கரையில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள், அவளையும் அழச் சொன்னார்கள். ஓசூருக்கு அப்பால் ஓர் அணைக்கட்டில் எட்டாம் நாள் மீனும் வந்தது, விசில் ஊதிக்கொண்டு காவலரும் வந்தார். அவள் விவேக் நகர் வாடகை வீட்டுக்கே திரும்பினாள்.

ஸ்ரீநிதி என்கிளேவைக் காட்டியவர் வீட்டு புரோக்கர் மைக்கேல்ராஜ், குழந்தை இயேசு கோவிலில் அவளுக்கு முன் வரிசையில் உட்காருகிறவர். நான்காம் மாடியில் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்ததால் அந்த வீடு இரண்டு வருடமாக விலை போகாமல் கிடந்தது. அவர் அந்தச் சுவரை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"பெயின்ட் அடிச்சா சரியாயிடும் ஆன்ட்டி. மேல் வீட்டுல பைப் லீக், வேற ஒண்ணுமில்ல."

பிரிஜெட் அவரை நகரச் சொல்லிச் சுவரில் கையை வைத்து முகர்ந்து பார்த்தாள். பாசி வாசனை. ஐந்தரை மணி ஆகியிருந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். பிறகு ஏழு நாளைக்குச் சாவி வேண்டும் என்றாள்.

"ஏழு நாளா? நவநாள் ஜெபம்னா ஒன்பது ஆச்சே ஆன்ட்டி."

"எனக்கு ஏழு போதும்."

"ஆண்டவரே கணக்கு மாத்திட்டாரா?" என்று சிரித்தபடி சாவியைக் கொடுத்தார். தினமும் மாலை அவள் பேருந்தில் வந்து, காலியான அந்த வீட்டின் பால்கனியிலிருந்து ராகி உருண்டைகளைப் போட்டாள். அவை காரின் மேல் விழவில்லை. மூன்றாம் மாடி உயரத்தில் ஒரு சின்ன வளையத்தைக் கிளப்பிவிட்டு, சத்தமில்லாமல் கரைந்து இறங்கின. எட்டாம் நாள் கெண்டை வந்தது. ஒன்பதாம் நாள் அட்வான்ஸ் கொடுத்தாள்.

முதல் வருடம் வாரத்துக்கு ஐந்து மீன் கிடைத்தது. கெண்டை, ரோகு, ஒரு முறை கையளவு அகலத்தில் ஜிலேபிக் கெண்டை. தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவாள். இரண்டாம் மாடி வங்காளித் தம்பதி ரோகு என்றால் அலுவலக மீட்டிங்கை விட்டுவிட்டு மேலே ஓடிவருவார்கள். அசோசியேஷன் செயலாளர், பிடிக்கும் மீனிலிருந்து காரின் மேல் தண்ணீர் சொட்டக் கூடாது என்று ஒரு கடிதம் கொடுத்தார். அதன் பிறகு அவள் பக்கெட்டைக் கம்பிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டாள். மீன் இருந்ததால் ஆட்கள் கதவைத் தட்டினார்கள். வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, லிப்ட் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தபடி போனார்கள். கதவைச் சாத்திய பின் வரும் அமைதி, ஏரிக்கரையின் அமைதி போல இல்லையே என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்த அமைதியில் பக்கத்தில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் இருந்தது. இதில் பிரிட்ஜ் சத்தம் இருந்தது. இரண்டாம் வருடம் வாரத்துக்கு ஒன்று. மூன்றாம் வருடம் மாதம் முழுக்க உட்கார்ந்தால் ஒன்று. கதவு தட்டப்படுவதும் அதே அளவில் குறைந்தது. இரையில் சோம்பைக் கூட்டிப் பார்த்தாள், தூண்டில் நரம்பை மாற்றிப் பார்த்தாள்.

காரணத்தை வாசலில் கீரை விற்கும் லட்சுமம்மா சொன்னாள். அவளும் பிரிஜெட் வயதுதான், கன்னடக்காரி, அந்த இடத்திலேயே பிறந்தவள்.

"இது நம்ம கெரேதாம்மா, பழைய ஏரி. தொண்ணூத்தாறுல லாரி லாரியா மண்ணு கொட்டி மூடினாங்க. அன்னிக்கு உள்ளே என்ன மீனு இருந்துச்சோ அது அப்படியே நின்னுபோச்சு. சாகவும் இல்லே, குஞ்சு போடவும் இல்லே. புதுசு எங்கிருந்து வரும்?"

"அப்ப நான் பிடிச்சது?"

"அதேதான். மூணு வருஷத்துல ஏரியவே தின்னுட்டீங்க." லட்சுமம்மா கீரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, பிரிஜெட்டின் முகத்தைப் பார்த்து, "போகட்டும் விடுங்க, வீணா போகலையே" என்றாள்.

பிரிஜெட் அன்று சாப்பிடவில்லை. இருபத்தைந்து வருடம் மண்ணுக்கடியில் ஒரு நேரத்துக்காகக் காத்திருந்தவற்றை அவள் ராகி போட்டுப் பழக்கி, தன்னை நம்பி வரச் செய்து, ஒவ்வொன்றாக மேலே இழுத்திருக்கிறாள். யாராவது கதவைத் தட்ட வேண்டும் என்பதற்காகத் தேவைக்கு மேலும் பிடித்ததை அவள் தன்னிடமே மறைக்க முடியவில்லை. இரண்டு வாரம் பால்கனிக் கதவைத் திறக்காமல் இருந்தாள். மூன்றாம் வாரம், மீதி ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் தூண்டிலைப் போட்டாள். தக்கை உடனே அமிழ்ந்தது. இழுப்பு வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்தது ஒரு கட்லா, கைக்குழந்தை அளவு, ஒரு பக்கச் செதிலில் பாசி படிந்திருந்தது. அது துள்ளவில்லை. கம்பிக்கு வெளியே, தண்ணீரின் மேல் மட்டத்தில், பக்கவாட்டில் படுத்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. அதன் பின்னால் இருந்த தண்ணீரில் வேறெந்த அசைவும் இல்லை. இதுதான் கடைசி என்று அவளுக்குத் தெரிந்தது. இதையும் எடுத்துவிட்டால் நாளை இங்கே கார் நிறுத்துமிடம் மட்டும்தான் இருக்கும், அவள் நிம்மதியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்விடலாம். கம்பிகளுக்கிடையே கையை நீட்டி, முப்பத்தாறு வருடம் சால்டரிங் செய்த விரல்களால் வாயில் கிழிசல் விழாமல் முள்ளைக் கழற்றினாள். அது உடனே போகவில்லை. சற்று நேரம் அங்கேயே கிடந்துவிட்டு இறங்கியது.

அன்றிலிருந்து முள் இல்லாமல் போட்டாள். நரம்பின் நுனியில் உருண்டையை மட்டும் கட்டுவாள். ஐந்தரைக்குத் தக்கை ஒரு முறை அமிழும், பிறகு எழும். இதை அடுத்த முறை போனில் பேசும்போது வாய் தவறி லவினாவிடம் சொல்லிவிட்டாள்.

"அப்ப இப்ப மீனே பிடிக்கறதில்லையா? மம்மி! இனிமே என்ன தடை? சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வரோம், சாமானெல்லாம் கட்டி வை."

மகள் சொன்னதில் தவறில்லை. மூன்று வருடமாக நடுவில் இருந்த ஒரே காரணம் இப்போது இல்லை. பிரிஜெட் வேறு காரணம் தேடினாள். தேடும்போதே வாய் சொல்லிவிட்டது.

"இங்க ஒருத்தங்க இருக்காங்கடி."

"யாரு?"

"சாயங்காலம் வருவாங்க. நான் இல்லன்னா அவங்களுக்கு யாருமில்ல."

லவினா, "மம்மி, உனக்கு அறுபத்து மூணு" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கே இருவரும் வந்துவிட்டார்கள். லவினா குளியலறையில் எத்தனை பல் பிரஷ் இருக்கிறது என்று பார்த்தாள். ஸ்ரீஹர்ஷா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தான். ஐந்தரைக்குப் பிரிஜெட் இருவரையும் பால்கனிக்குக் கூப்பிட்டு உருண்டையை இறக்கினாள். லவினாவின் கண்ணுக்குத் தங்கள் காரின் கூரைதான் தெரிந்தது. ஆனால் அதற்கு மூன்று மாடி மேலே, வெறும் காற்றில் நின்றிருந்த தக்கை அமிழ்வதை மூவருமே பார்த்தார்கள்.

ஸ்ரீஹர்ஷாதான் முதலில் பேசினான். "அத்தே, இதுக்கு என்ன கொடுக்கறீங்க?"

"ராகி. புண்ணாக்கு. சோம்பு."

"அப்போ நம்ம ஆளுதான். சுத்த வெஜிடேரியன்."

லவினா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இருட்டும் முன்பு, "தனியா இருக்கியேன்னுதான் மம்மி" என்றாள். தெரியும்டி என்றாள் பிரிஜெட். மேம்பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் அவர்கள் கிளம்பினார்கள். கட்டி வைத்த சாமான் எதுவும் இல்லாததால் வண்டி காலியாகவே போனது. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வந்தார்கள், பிறகு பண்டிகைக்கு வந்தார்கள்.

அடுத்த வருடம் நவம்பரில் பிரிஜெட்டுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கட்டிலை விட்டு எழுவதே பெரும்பாடாக இருந்தது. மகளைக் கூப்பிட போனை எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். முதல் இரண்டு நாள் ஐந்தரை மணி வந்தது, போனது. மூன்றாம் நாள் ஐந்தரைக்குத் தண்ணீர் நான்காம் மாடிக்கும் ஏறியது. பால்கனிக் கதவின் அடியில் நுழைந்து, ஹாலைக் கடந்து, கட்டிலின் கால்களை மூடி, அவளுடைய போர்வையின் நுனியைத் தூக்கி மிதக்கவிட்டது. அதோடு கட்லாவும் வந்தது. வாசற்படியில் சற்றுத் தயங்கி, பிறகு உள்ளே வந்து, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் நின்று வாயைத் திறந்து மூடியது. அது மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்டது. காலையில் குடிக்க முடியாமல் வைத்த ராகிக் கஞ்சி கிண்ணத்தில் ஆடை கட்டி இருந்தது. அதை விரலால் வழித்து நீட்டினாள். இருவரும் எதுவும் பேசவில்லை. தெருவிளக்கு எரியும் வரை அது அங்கேயே இருந்தது. அந்த மாடியில் எதிர்வீட்டுக்காரர்கள், தங்கள் செருப்புகள் நனைந்துவிட்டதாக மறுநாள் புகார் எழுதினார்கள். பிரிஜெட்டுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மாப்பை எடுத்து ஹாலைத் துடைத்தாள், செதில் ஒன்று கிடந்ததைப் பொறுக்கி ஜன்னலில் வைத்தாள், பிறகு காபி போட அடுப்பைப் பற்றவைத்தாள்.