வளர்ந்த பிள்ளைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்

1.

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை; ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மனசுக்கு நிம்மதி. படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போயிருந்தேன். என்னிடம் படகு கிடையாது. துணி காயப்போடக் கயிறு வேண்டும், அங்கே விற்பது லேசில் அறுந்துபோகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஏரியில் படகு விடும் சீசன் தொடங்கப்போகிற நேரம், கடையில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் நின்றவரின் சட்டைப் பையில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. ஆகவே இந்தக் கதையில் அவர் லிஃப்ட் மெக்கானிக்.

2.

ஏரி அமைதியாக, கண்ணாடி போல—

(வேண்டாம். எல்லா ஏரியும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.)

மனைவியைப் பிரிந்த ஒருவர்—

(இதுவும் வேண்டாம். இரண்டு சொல்லுக்குள் நீங்கள் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.)

சரி, கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

3.

மெக்கானிக் கேட்டதையெல்லாம் கடைக்கார அம்மா எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். நங்கூரக் கயிறு, படகு கரையில் உரசாமலிருக்கத் தொங்கவிடும் ரப்பர் உருளை, உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கக் குட்டிப் பம்ப், ஒரு விசில். கடைசியாக அவர் தன் பையிலிருந்து ஒரு பழைய லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். முயல் படம் போட்டது.

“இது மாதிரி ஒண்ணு. கொஞ்சம் பெரிசா.”

“இது சின்னக் குழந்தைக்கு உள்ளது சார். பாப்பா இப்ப எத்தனை கிலோ?”

“வளந்திருப்பா.”

“எவ்வளவு வளந்திருப்பா?”

அவர் கையை உயர்த்தி உயரம் காட்டினார். முதலில் நெஞ்சுக்கு நேராக. பிறகு தோளுக்கு. கொஞ்சம் யோசித்து, மறுபடி இறக்கினார். அந்தரத்தில் தடுமாறிய அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குக் கயிறு மறந்துபோனது.

“பெரிசாவே குடுங்கம்மா. வளர்ற புள்ளதானே, அடுத்த வருஷமும் ஆகும்.”

“ஸ்கூல் யூனிஃபார்மா சார் இது? தொளதொளன்னு இருந்தா, தண்ணில விழும்போது ஜாக்கெட்தான் மிதக்கும், புள்ள கீழ போயிடும். எடை தெரியாம நான் குடுக்க மாட்டேன். ஃபோன் போட்டுக் கேளுங்க.”

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும் என்று நாள் முழுக்கப் பார்க்கிற மனிதர். இதை வைத்து ஒரு பத்தி எழுதி அழகு பார்த்தேன். அழித்துவிட்டேன். ஒருவர் தவித்துக்கொண்டிருக்கும்போது நம் சாமர்த்தியத்தைக் காட்டக் கூடாது.)

4.

இங்கே ஒரு சிக்கல். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: மகள் அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள், இரண்டு சீசனாகப் படகுக்கு வரவில்லை. மிச்சத்தை நான்தான் நிரப்ப வேண்டும். முதலில் அம்மாவை ராட்சசி ஆக்கினேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்படி ஓடினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அடுத்து மெக்கானிக்கைக் குடிகாரர் ஆக்கிப் பார்த்தேன். அவ்வளவு பொறுப்பாக விசில் வாங்குகிற ஆளை எப்படிக் குடிகாரர் ஆக்குவது? அப்படியானால் பிள்ளை ஏன் வரவில்லை? தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். படகில் அவள் உட்காரும் பலகையில் அவர் வேறு யாரையும் உட்காரவிடுவதில்லை. (இது என் கற்பனை. ஆனால் பந்தயம் கட்டத் தயார்.)

5.

அவர் ஃபோன் போட்டார்.

“நான்தான்... அப்பா.”

அப்பா என்று சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

“நல்லா இருக்கியா?... சரி. பரீட்சையெல்லாம்?... சரி, சரி.”

கடைக்கார அம்மா ஜாக்கெட்டை விரலால் தட்டி ஜாடை காட்டினார். வரிசையில் யாரோ ‘உச்’சுக் கொட்டினார். திரும்பி முறைத்தேன்.

“பாப்பா, நீ எத்தனை கிலோ இருக்கே?”

பதில் எனக்கும் கேட்டது.

“எதுக்குக் கேக்கறீங்க?”

முன்பெல்லாம் அவரை நீ, வா, போ என்றுதான் பேசியிருப்பாள் போல. அவர் முகம் அப்படி மாறியது.

முடிவு ஒன்று: “படகுக்கு” என்கிறார். அந்தப் பக்கம் ஒரே கூச்சல், எப்ப வரட்டும் எப்ப வரட்டும் என்று. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.

முடிவு இரண்டு: “சும்மாதான்” என்று சொல்லி வைத்துவிடுகிறார். முயல் ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள்—

(என்னால் முடியவில்லை.)

உண்மையில் நடந்தது: வரிசை முணுமுணுக்கவும் அவர் ஃபோனோடு வெளியே போய்விட்டார். கடைக்கார அம்மா இரண்டு அளவு ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, “உங்களுக்கு என்ன?” என்றார். கயிறு வாங்கிக்கொண்டு வெளியே வரும்போதும் மெக்கானிக் முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றிருந்தால் முடிவு தெரிந்திருக்கும். முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண் படகுக்கு வந்துவிட வேண்டுமே என்று எனக்கு அவ்வளவு ஏக்கம். அதனால்தான் நிற்கப் பயந்து நடையைக் கட்டினேன்.

6.

ஆக, முடிவு என் கையில் இல்லை. உங்கள் கையிலும் இல்லை. இதைப் படிக்கக்கூடிய ஒருத்தியிடம் மட்டும் இருக்கிறது.

ரொம்ப நாள் கழித்து அப்பா ஃபோன் செய்து, நீ எத்தனை கிலோ என்று கேட்டாரா? இதென்ன கிறுக்குத்தனம் என்று நினைத்திருப்பாய். வருகிறாயா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, அதான். வருவதும் வராததும் உன் இஷ்டம், நான் தலையிட மாட்டேன். ஆனால் எடையை மட்டும் சரியாகச் சொல்லிவிடம்மா. வெட்கப்பட்டு ஒரு கிலோகூடக் குறைத்துச் சொல்லாதே.