இரண்டு மார்க்

எங்கள் பழைய கார் சங்கத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். வருடாந்திரப் போட்டியில் மார்க் போடுவது நான்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். கம்பெனியிலிருந்து வண்டி இறங்கியபோது இருந்த திருகாணி இல்லையென்றால் ஒரு மார்க் போச்சு. சீட்டுத் துணி மாறியிருந்தால் மூன்று. கெஞ்சினாலும் கிடையாது, முறைத்தாலும் கிடையாது.

போன வருடம் என் தங்கை புருஷனுக்கே இரண்டு மார்க் குறைத்தேன். கதவுகூட இல்லாத எலும்புக்கூடாக வாங்கிய வண்டியோடு ஆறு வருடம் மல்லுக்கட்டி, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். எல்லாம் அந்தக் காலத்துச் சாமான். முன்சக்கரங்களுக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் இரண்டு ரப்பர் குழாய்கள் மட்டும் இந்தக் காலத்தவை. கம்பெனி முத்திரை இல்லை. நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து குழாய்க்கு ஒரு மார்க் என்று இரண்டைக் கழித்தேன்.

"மச்சான், உயிரைக் காப்பாத்துற சாமான்லகூடவா?" என்றார்.

"ரூல் ரூல்தான் மாப்பிள்ளை."

கோப்பை ஒரே மார்க் வித்தியாசத்தில் பல் டாக்டரின் வண்டிக்குப் போனது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கை தட்டினார். என் தங்கைதான் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு தங்கை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் தேடினேன். எங்கெங்கோ விசாரித்து, இழுத்து மூடப்போகிற ஓர் உதிரிபாகக் கடையின் மேல்தட்டில் அதைக் கண்டுபிடித்தேன். அதே கம்பெனி, அதே முத்திரை, அதே வருடம். நாற்பத்தெட்டு வருடமாகப் பிரிக்காத பொட்டலம். உள்ளே மூன்று குழாய்கள், கைபடாமல் பளபளவென்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பிரிக்காத பொட்டலம் என்றால் போதும், மூளை வேலை செய்யாது. இரண்டைத் தங்கை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பேசிவிட்டாள். டீயும் போட்டுக் கொடுத்தாள்.

இந்த வருடப் போட்டிக்கு முந்தின நாள் மாட்ட வந்த மெக்கானிக் மட்டும் குழாயை முகர்ந்து பார்த்தார்.

"சார், ரப்பருக்கும் வயசாகும். ஓடினாலும் ஆகும், பொட்டலத்துல தூங்கினாலும் ஆகும். இந்த வண்டியில நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் லைன். ஒரு இடத்துல விட்டுச்சுன்னா மொத்தமும் போயிடும்."

"மாட்டச் சொன்னா மாட்டுங்க. பாடம் எடுக்கவா கூப்பிட்டோம்?" என்றேன்.

மாட்டினார்.

இந்த வருடப் போட்டியில் ஊர்வலம் மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அடிவாரம் வரை. அன்று காலை தங்கை வீட்டு ஷெட்டுக்குப் போனேன். முன்பக்க இடது சக்கரத்துக்கு அடியில், தரையில் சின்னதாக ஓர் ஈரம். விரலால் தொட்டேன். வழவழத்தது. நேற்று எண்ணெய் ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விரலைக் கால்சட்டையில் துடைத்தேன்.

தங்கை முன்சீட்டில் ஏறியபடி, "அண்ணா, பிரேக் மிதி கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்காம். அவர் சொன்னார்" என்றாள்.

"பழைய வண்டின்னா அப்படித்தான்மா. நான் பாத்துட்டேன்."

நான் பார்த்துவிட்டேன் என்றால் அவளுக்குப் போதும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இருவரும் தங்கள் போன்களை டிக்கியில் போட்டுப் பூட்டினார்கள். ஊர்வலத்தில் எடுக்கும் படங்களில் இந்தக் காலத்துப் பொருள் எதுவும் தெரியக்கூடாது என்பது சங்க விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான்.

நான் என் அன்றாடக் காரில் முன்னதாக அடிவாரம் வந்து, மேசை போட்டு, மார்க் தாள்களை அடுக்கினேன். எல்லோருக்கும் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று அந்த மூன்றாவது குழாயையும் கொண்டுவந்திருந்தேன். நேரம் போகவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். சும்மா வளைத்தேன்.

வளைந்த இடத்தில் வாய் பிளந்தது. உள்ளேயிருந்து கறுப்பாகத் தூள் கொட்டி மார்க் தாளில் விழுந்தது.

தங்கைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்குப் போட்டேன். அதுவும் டிக்கிக்குள் அடித்திருக்கும். மேலே கொடி அசைக்கும் சங்கச் செயலாளரைப் பிடித்தேன்.

"உங்க மாப்பிள்ளை வண்டியா? கடைசி வண்டி. இப்பதான் இறங்குது. ஜோரா இருக்கு போங்க" என்றார்.

குழாயைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு காரை மலைமேல் விரட்டினேன். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன், ஹாரனை விடாமல் அழுத்தினேன். எதிரே ஒவ்வொன்றாக வண்டிகள் இறங்கி வந்தன. நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் பதிலுக்கு ஹாரன் அடித்தார்கள். பல் டாக்டர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ஐந்து வண்டி, ஆறு வண்டி. ஏழாவதற்குப் பிறகு சாலை காலியாக இருந்தது. மேலே எங்கோ ஒரு ஹாரன் மட்டும் நிற்காமல் ஒலித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அந்த ஹாரனுக்கு முழு மார்க் போட்டவன் நான். நான் அடுத்த வளைவு திரும்புவதற்குள் அது நின்றுவிட்டது.

பள்ளத்துப் பக்கம் விடாமல் மாப்பிள்ளை வண்டியைப் பாறைப் பக்கமே திருப்பி மோதியிருந்தார். தன் பக்கத்தைப் பாறைக்குக் கொடுத்திருந்தார்.

மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையைக் கொண்டுபோன அறுவை அறையின் கதவு மூடி மூன்று மணி நேரமாகியும் யாரும் வெளியே வரவில்லை. தங்கையின் ஒரு கையில் மாவுக்கட்டு. இன்னொரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிரேக் சரியில்லாம வண்டியை எடுத்தாரா உங்க வீட்டுக்காரர்? அப்படின்னா கேஸ் அவர் மேலதான்மா வரும்."

"அவர் அப்படிப்பட்டவர் இல்ல சார். போன வருஷம் நல்ல குழாய்தான் போட்டிருந்தார்." என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இந்த வருஷம் எங்க அண்ணனே தேடி வாங்கிக் கொடுத்தது. காலைலகூட பாத்துட்டுத்தான் அனுப்பினாரு. எங்க அண்ணன் கண்ணுல படாம ஒரு சின்னத் தப்புகூடத் தப்பாது சார். வேணும்னா சங்கத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்கதான் சொல்லணும்."

பேசாமல் இருந்தால் மாப்பிள்ளை பெயரோடு முடிந்துவிடும். அப்படியும் ஒரு நினைப்பு எனக்கு வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டேன். குழாய் இரண்டு துண்டாகிக் கிடந்தது. எடுத்து என் மடியில் வைத்தேன்.

அவருக்கு முன்னாலேயே தங்கை அதைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள், பிளந்த வாயைப் பார்த்தாள். "காலைலயே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தரையில ஈரம் இருந்துச்சு" என்றேன்.

அவள் என் கையை விட்டாள். எழுந்து போய், மூடிய கதவுக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.