எட்டு மணிப் பொங்கல்

இரவு ஒட்டுசுட்டானுக்கு அப்பால் பழுதாகிப் படுத்த வான் வண்டி காலையிலும் எழும்பவில்லை. யோகநாதன் டோர்ச் வெளிச்சத்தில் கையைத் திருப்பி மணி பார்த்தான். ஐந்தரை. கொழும்பிலிருந்து புறப்பட்டு இது நான்காவது நாள். வவுனியாவில் வன்னிக்குள் போகும் பாஸுக்காக இரண்டு நாள் காத்திருந்து, தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச் சாவடியில் சவர்க்காரக் கட்டியையும் இரண்டாக வெட்டிப் பார்த்தவர்களுக்குச் சிரித்துக் காட்டி, ஓமந்தை வரை நடந்து, புளியங்குளத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் இந்த வானுக்குள் நசுங்கி ஏறியவன். இன்று தைப்பொங்கல். உடையார்கட்டில், அவன் வீட்டு முற்றத்தில், எட்டு மணிக்குப் பானை வைப்பார்கள். மனைவி இரஞ்சிதம் கடிதம் எழுதி ஆள் மூலம் கொடுத்துவிட்டிருந்தாள்: ‘பால் பொங்கினதும் முதல் மூண்டு பிடி அரிசி நீங்கள்தான் போடவேணும். ரெண்டு வருசமா உங்கட அக்காதான் போடுறா. பிள்ளை அதுதான் முறையெண்டு நினைக்குது.’

கொழும்பில் சைவக் கடையொன்றில் நாளுக்கு முந்நூறு தோசை சுடும் மனிதனுக்குத் தன் வீட்டுப் பானையில் மூன்று பிடி அரிசி போட வாய்க்கவில்லை. ஒரு பொங்கலுக்கு முதலாளி லீவு தரவில்லை. மற்றதற்குப் பாஸ் கிடைக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் அவன் கடைசியாக வந்துபோனபோது மகள் தனுஷாவுக்கு இரண்டரை வயது. இந்த முறையும் பிந்தினால் அந்த வீட்டுக்குத் தான் காசு அனுப்பும் ஒரு விலாசம் மட்டும்தான் என்று அவனுக்குப் பட்டது. அந்த நினைப்பு அவனைச் சும்மா இருக்கவிடவில்லை.

அவன் தவிப்பைப் பார்த்த சாரதி வானின் கூரையில் கட்டியிருந்த தன் சைக்கிளை இறக்கினார்.

“கொண்டு போங்கோ. பொங்கி முடிச்சு ஆறுதலாத் தாங்கோ. நான் உந்த ரோட்டில ஓடுற ஆள்தானே.”

மாரி மழை தின்ற பாதை அது. சாக்குப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிதித்தான். இரண்டு தரம் செயின் கழன்றது. ஒரு தரம் சேற்றுக் குழிக்குள் விழுந்து பையோடு குளித்தான். புதுக்குடியிருப்பைத் தாண்டும்போது வெயில் ஏறியிருந்தது, முற்றங்களில் புகை எழுந்துகொண்டிருந்தது. சனம் புது உடுப்போடு நின்றது. ஒரு வீட்டில் அதற்குள் படைத்து முடித்து, வாழையிலையில் பொங்கலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவன் இன்னும் வேகமாக மிதித்தான்.

உடையார்கட்டு வாய்க்கால் மதகில் ஏறியபோது மணி எட்டுப் பத்து.

வீடு கூப்பிடு தூரம். கால் அதற்குமேல் மிதிக்க மறுத்தது. பானை பொங்கியிருக்கும், அக்கா அரிசி போட்டிருப்பா, இரஞ்சிதம் வாசல் படலையைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் முகத்தைத் திருப்பியிருப்பாள். முடிந்த பொங்கலுக்குள் விருந்தாளி போல நுழைய அவனுக்கு வெட்கமாக இருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு மதகில் குந்தி முதலாளியைத் திட்டினான், வானைத் திட்டினான், தன்னையும் திட்டினான். திட்ட ஆளில்லாமல் போனபோதும் எழும்பவில்லை.

வயல் பக்கமிருந்து பக்கத்து வீட்டு நல்லதம்பி மாட்டைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“ஆரது, யோகனே? உதில என்ன குந்திக்கொண்டு இருக்கிறாய்?”

“எல்லாம் முடிஞ்சுது அண்ணை. எட்டேமுக்கால் ஆகீட்டுது. என்ன முகத்தோட போறது?”

நல்லதம்பி அவன் கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

“அட விசரா! உது கொழும்பு நேரமெல்லோ. போன வருசம் அங்க முள்ளை முன்னுக்குத் தள்ளிச்சினம். இஞ்ச ஆர் தள்ளினது? எங்களுக்கு இன்னும் பழைய நேரம்தான். இப்ப எட்டேகால். பானை வைச்சிருப்பினம், பொங்கியிராது. ஓடு!”

அரசாங்கம் மணிக்கூட்டை மாற்றியதும், அரசின் கைக்கு வெளியே இருந்த வன்னி மாற்றாமல் அரை மணித்தியாலம் பின்னால் நின்றதும் அவனுக்குத் தெரியாததல்ல. கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்தான். நான்கு நாள் அலைச்சலில் மறந்துபோனான். நேரத்துக்கு வந்துசேர்ந்துவிட்டு, மதகில் குந்தியிருந்து பிந்திய மனிதன் அந்த ஊரிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். சைக்கிளை மறந்து, பையை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடினான்.

படலைக்குள் நுழையும்போதே அக்கா சிவனேஸ்வரியின் குரல் கேட்டது.

“இரஞ்சிதம், பொங்கிற பாலை அமத்தக் கூடாது. இது மூண்டாந்தரம்! சனம் என்ன சொல்லும்?”

“இன்னும் கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்.”

கோலத்தின் நடுவே, அடுப்புக்கு முன்னால் இரஞ்சிதம் குந்தியிருந்தாள். பால் நுரைத்து விளிம்புக்கு வர, செம்புத் தண்ணீரில் கையை நனைத்துத் தெளித்தாள். பால் அடங்கியது. விறகொன்றை வெளியே இழுத்தாள். ஊரெல்லாம் பால் பொங்க வேண்டுமென்று ஊதிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் ஒருத்தி அதைப் பொங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தாள். யோகநாதன் படலையைப் பிடித்துக்கொண்டான். தனக்காக இப்படிக் காத்திருக்க ஒருத்தி இருக்கிறாள் என்ற சந்தோசம் தாங்க முடியாமல் அப்படியே நின்றான்.

சுளகில் அரிசியோடு நின்ற மகள்தான் முதலில் கண்டாள்.

“அம்மா, ஆரோ சேத்து மாமா வந்து நிக்கிறார்.”

இரஞ்சிதம் திரும்பினாள். புகையில் சிவந்த கண்ணால் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

“எட்டு மணியெண்டெல்லோ எழுதினனான்?”

“வான் படுத்திட்டுது” என்றான் அவன். மதகைப் பற்றி மூச்சுவிடவில்லை. நல்லதம்பி இருக்கும்வரை அது எத்தனை நாளுக்கு மறையும் என்பது வேறு விசயம்.

“குளிக்காமல் கொள்ளாமல் அரிசியில கை வைக்கப் போறானோ?” என்றாள் அக்கா. ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

இரஞ்சிதம் எழும்பி வந்து, செம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் அவன் இரண்டு கையிலும் ஊற்றினாள். சேறு கரைந்து முழங்கை வழியே ஓடியது. கடைசிச் சொட்டு விழுவதற்குள், தெளிக்க ஆளில்லாத பால் கிளம்பிவிட்டது. சகுனத்துக்கு எந்தப் பக்கம் முதலில் வழிகிறது என்று பார்க்க வேண்டிய அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் நாலாபக்கமும் வழிந்து நெருப்பில் சீறியது. தனுஷா முகத்தைத் தாயின் சேலைக்குள் புதைத்துக்கொண்டு, சுளகை மட்டும் இரண்டு கையாலும் அவன் பக்கமாக நீட்டினாள்.