என்ன இல்லைன்னு மட்டும் சொல்லு

நோய் தீர்க்கிற மருந்து சாமி கோயில் பின்சுவரைப் படம் எழுதச் சொல்லி என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் பாதிப் பாதியா பிரிச்சுக் குடுத்துட்டாங்கன்னு கேட்டதும் கையில இருந்த வேலையை அப்படியே போட்டேன். எங்க ஊர்த் தலைவர், கோன்னு பேர், அவர் வீட்டு வாசல்லயே போய் நின்னேன்.

"ஏங்க, இந்த ஊர்ல வேற ஓவியனே கிடைக்கலையா?"

"ரெண்டு பேரும்தானேம்மா கைதேர்ந்தவங்க. போட்டி இருந்தாத்தான் சாமிக்கு நல்ல சுவர் கிடைக்கும்"னு டீயை உறிஞ்சிக்கிட்டே சொன்னார். அவருக்கென்ன, சொல்லிட்டார். அனுபவிக்கிறது நான்.

போன தடவை பக்கத்து ஊர்க் கோயில் சுவரையும் இவங்களுக்கு இப்படித்தான் பிரிச்சாங்க. நடுவுல கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு திரை. தலை எந்த உயரம், கால் எந்த உயரம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா போதும், மத்ததெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் ரகசியம். திரை விழுந்த அன்னிக்கு ஊர் ஜனம் என் வீட்டுக்காரர்தான் ஜெயிச்சார்னு அவர் தோள்ல சிவப்புத் துணியைப் போட்டுது. அதோட விட்டாங்களா? அண்ணன் பக்கத்தைப் பார்த்து எவனோ, "என்னப்பா இது, சந்தைக் கூட்டம் மாதிரி இருக்கு! சாமிங்களுக்கு மூச்சு விட இடம் வேணாமா?"ன்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க. என் வீட்டுக்காரரும் சிரிச்சார். அந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்.

அன்னிக்கு நின்னது அண்ணனோட பேச்சு. எங்க சீனத்துல புத்தாண்டு ரெண்டாம் நாள் கல்யாணமான பொண்ணுங்க எல்லாம் புருஷனைக் கூட்டிக்கிட்டு பிறந்த வீட்டுக்குப் போவாங்க. அண்ணனோ தம்பியோ வந்து கூப்பிடணும். கூப்பிடாம போற அளவுக்கு எனக்கும் மானம் கெட்டுப் போகலை. ஒன்பது வருஷமா அந்த ரெண்டாம் நாள் வந்தா எனக்குத் தலைவலி. கதவைச் சாத்திக்கிட்டு, தெருவுல கூடையோட சிரிச்சுக்கிட்டுப் போறவங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன். ஆத்துக்கு அந்தக் கரையில அம்மா இருக்காங்க. இப்ப இந்தச் சுவர்ல அண்ணன் தோத்தா, அந்த வீட்டுக் கதவு இனி ஜென்மத்துக்கும் திறக்காது. ஜெயிச்சா, என் வீட்டுக்காரர் ரோஷத்துல அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டார். யார் ஜெயிச்சாலும் தோக்கறது நான்தான்.

இதுல இன்னொரு கூத்து. ஒரு பக்கம் நல்ல சாப்பாடு, ஒரு பக்கம் மட்டம்னு பேச்சு வரக்கூடாதாம். அதனால ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கை சமைக்கணுமாம். "நீ ரெண்டு பேருக்கும் சொந்தம். நீயே சமை"ன்னுட்டார் தலைவர். திரைக்கு ரெண்டு பக்கமும் போய் வர உரிமை எனக்கு மட்டும்தான். அதுக்காக சாமி முன்னாடி ஊதுபத்தி கொளுத்தி என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க: எந்தப் பக்கம் என்ன இருக்குன்னு வாய் திறக்கமாட்டேன். சாமிகிட்ட குறி கேட்கற பிறை வடிவ மரக்கட்டை ரெண்டையும் தரையில போட்டுக் கேட்டாங்க. சாமியும் சரின்னுட்டார்.

ஐயோ, வாயை மூடிக்கிட்டு இருக்கறது என்ன பாடு! இந்தப் பக்கம் என் வீட்டுக்காரரோட டிராகன் மேகத்துக்குள்ள புரளுது. அந்தப் பக்கம் நாரை மேல சித்தருங்க ஏறி வராங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தவ நான் ஒருத்திதான், யார்கிட்டயும் சொல்ல முடியலை.

ஒரு நாள் கஞ்சி ஊத்தும்போது என் வீட்டுக்காரர் மெதுவா ஆரம்பிச்சார். "லான், உங்கண்ணன் அங்க என்னதான் கிழிக்கிறார்?"

"சத்தியம் பண்ணியிருக்கேன். கஞ்சியைக் குடிங்க."

எங்க ஊர் ஆம்பளைங்க வழக்கப்படி பின்னின நீளச் சடையை எடுத்துக் கழுத்துல சுத்திக்கிட்டு யோசிச்சார். "என்ன இருக்குன்னு சொல்லாதே. என்ன இல்லைன்னு மட்டும் சொல்லு. அதுக்கு சத்தியம் வாங்கலையே?"

அட, ஆமால்ல! "மேகம் இல்லை"ன்னேன். அண்ணன் இன்னும் மேகத்தை ஆரம்பிக்கலை, அவ்வளவுதான் விஷயம்.

மனுஷனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. "மேகமே இல்லாம சாமிங்களை நிறுத்தியிருக்காரா? வெறும் வெள்ளையில? அடேயப்பா, கத்துக்கிட்டாரே மனுஷன்!"

இந்த ஓவியக்காரங்க புத்தியே அப்படி. சுவரை நிரப்பறவன் கத்துக்குட்டி, காலியா விடறவன் பெரிய கைன்னு ஒரு நினைப்பு. மறுநாள் சாப்பாடு கொண்டு போனா, இவர் பக்கத்துல மேகம் பூராவும் சுண்ணாம்புக்குள்ள போயிருந்துச்சு. நல்ல மேகம். எனக்கே வயிறு எரிஞ்சுது.

அண்ணன் எப்பவும் கிண்ணத்தை வாங்கிக்குவார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். அன்னிக்கு நிமிர்ந்தார். "அந்தப் பக்கம் எப்படிப் போகுது?"

ஒன்பது வருஷத்துல என்கிட்ட பேசின முதல் பேச்சு. நல்லாயிருக்கியான்னு கேட்கலை, சுவரைப் பத்திக் கேட்டார். ஆனா என்னைப் பார்த்துக் கேட்டாரே! கூடையை ஓரமா வெச்சுட்டு அவர் எதிர்லயே உட்கார்ந்தேன்.

"இருக்கறதைச் சொல்லமாட்டேன் அண்ணே. இல்லாததை வேணா சொல்றேன். மேகம் இல்லை."

"மேகம் இல்லையா?" தூரிகையைக் கீழ வெச்சுட்டார். அவருக்கு அந்த சந்தைக் கூட்டப் பேச்சு இன்னும் ஆறலைன்னு முகத்துல தெரிஞ்சுது. மறுநாள் போனா, நாரையில பாதி காணோம். "உன் புருஷன் பெரிசா காலி விட்டா, நான் அதைவிடப் பெரிசா விடறேன் பாரு"ன்னார்.

இவர்கிட்ட வந்து "நாரை குறைஞ்சிருக்கு"ன்னேன். இவர் டிராகனோட வாலை அழிச்சார். அவர்கிட்ட போய் "வால் இல்லை"ன்னேன். அவர் ஒரு வரிசை சித்தரை அழிச்சார். ஒன்னு கூடப் பொய் இல்லை. இது எங்கதான் போய் நிக்கும்னு பார்க்க ஆசை வந்துடுச்சு எனக்கு. அதைவிட, இல்லாததைக் கேட்கவாவது அண்ணன் தினமும் வாயைத் திறந்தார். "கஞ்சியில உப்பு கம்மிடி"ன்னு ஒரு நாள் திட்டக்கூடத் திட்டினார். அந்தத் திட்டை வீடு வரைக்கும் நினைச்சு நினைச்சு சிரிச்சுக்கிட்டே போனேன்.

நடுவுல கொஞ்சம் பயம் வந்துது. கோயில்ல சுவா சாமியார்னு ஒருத்தர், எந்நேரமும் பெஞ்சுல மல்லாந்து கிடப்பார். அவரை எழுப்பி எல்லாத்தையும் கொட்டினேன்.

"சத்தியத்தை மீறினியா?"

"இல்லீங்க."

"அவங்க கையைப் பிடிச்சு நீ அழிச்சியா?"

"இல்லையே."

"அப்புறம் என்னம்மா? தண்ணி அது பாட்டுக்குப் பள்ளத்தைப் பார்த்துப் போகுது. நடுவுல நீ ஏன் கையை வைக்கிறே? கஞ்சி மிச்சம் இருக்கா?"

இவரையெல்லாம் சாமியார்னு வெச்சிருக்காங்க பாருங்க. ஆனா அப்பத்தான் எனக்கும் உறைச்சுது. சுவர்ல ஒன்னுமே இல்லைன்னா யாரும் தோக்க முடியாதே!

வருஷக் கடைசியில, ஊரே பட்டாசோட வந்து நின்னப்போ, தலைவர் திரையை அறுத்து விட்டார். எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தாங்க. இடது ஓரத்துல ஒரே ஒரு சித்தர். வலது ஓரத்துல ஒரே ஒருத்தர். நடுவுல கண்ணுக்கு எட்டின வரைக்கும் சுண்ணாம்பு.

"நூறு சாமி எழுதறோம்னு சொல்லித்தானே கூலிக்கு அரிசி வாங்கினீங்க? மிச்ச சாமிங்க எங்கடா?"ன்னு பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். அப்புறம் பிடிச்சுது பாருங்க கூச்சல்! சுவா சாமியார் மட்டும் கிட்டப் போய்ப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, தாராளமா"ன்னார். "நீ போய்ப் படுய்யா"ன்னு விரட்டிட்டாங்க.

அண்ணன்தான் சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். "மேகம் இல்லைன்னு சொன்னாளே..."

என் வீட்டுக்காரர் சட்டுனு திரும்பினார். "உங்ககிட்டயுமா சொன்னா?"

"மாப்பிள்ளை, உங்ககிட்ட என்ன சொன்னா?"

"மேகம் இல்லைன்னுதான்! உங்களைப் பார்த்துத்தானே மச்சான் என் டிராகனையே அழிச்சேன்!"

"ஐயோ, என் நாரையெல்லாம் போச்சே மாப்பிள்ளை!"

மாப்பிள்ளையாம். மச்சானாம். எனக்குக் காதுல தேன் பாயுது. அதுக்குள்ள ரெண்டும் ஒரே நேரத்துல என் பக்கம் திரும்பிச்சு. "ஏண்டீ!"

"நான் சொன்னதுல எது பொய்? ஒன்னு காட்டுங்க!"ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

தலைவர் அங்கயே தீர்ப்பு சொல்லிட்டார். மூணாம் மாசம் சாமி பிறந்தநாளுக்குள்ள சுவர் பூரா நிரம்பணும். திரை கிடையாது, போட்டி கிடையாது, ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணும். இவங்க அந்த இடத்துலயே டிராகன் எந்தப் பக்கம் திரும்பணும்னு சண்டையை ஆரம்பிச்சுட்டாங்க.

நான் நைசா நழுவப் பார்த்தேன். "ஏய், நில்லு"ன்னார் அண்ணன். "இனிமே நீ இங்க சோறு கொண்டு வராதே. இன்னொன்னு. புத்தாண்டு ரெண்டாம் நாள் காலையில நான் வந்து கூப்பிடுவேன். இவரையும் கிளப்பித் தயாரா வை. நான் எழுதின சாமிங்களை நீ எப்படித் துரத்தினேங்கறதை அம்மாகிட்ட நீயே உன் வாயால சொல்லணும்."

சுருக்குனு ஏதாவது பதில் சொல்லலாம்னு பார்த்தேன். அத்தனை ஜனத்துக்கு நடுவுல கோயில் தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதுட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அழவேண்டியது நாங்கடி. நீ எதுக்கு அழறே?"ன்னார்.