மருமகள்கள் விழுங்கிய மாதம்

கராதெபே என்ற பாலைவன ஊருக்கு ஜனவரி வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி படுப்பவர்கள் பிப்ரவரி ஒன்றாம் தேதி எழுந்து ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள்.

காரணம் ஜனாதிபதி. மனுஷர் ரொட்டிக்குத் தன் அம்மா பேரையும் ஜனவரிக்குத் தன் பேரையும் வைத்தார். அந்த மாதத்தை வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பேர் சொல்லி வரவேற்ற பிறகே அது தொடங்க வேண்டும் என்றார். அதுவும் போதாமல், நாட்டு ஆண்கள் அத்தனை பேருக்கும் தானே தகப்பன் என்று சுவர் சுவராக எழுதவைத்தார்.

ஓகுல்பிகேயின் புருஷன் ஹொம்மாத்தின் ஒட்டகம் ஜனாதிபதியின் பொன்சிலைமேல் துப்பியது. ஒட்டகம் வேறென்ன செய்யும்? ஹொம்மாத்தை லாக்கப்பில் போட்டார்கள். ஜனாதிபதி பேர் வைத்த மாதத்தின் முதல் தேதி உப்புச் சுரங்கத்துக்கு அனுப்ப வாரண்ட் வந்தது. அங்கே போய்த் திரும்பியவர் கிடையாது.

டிசம்பர் கடைசி நாள் போலீஸ்காரர் பாய்ராம் ஜனாதிபதி படத்தோடு வாசலுக்கு வந்தார். ஓகுல்பிகே படத்தைப் பார்த்தாள். மாமனார் எதிரில் வாய் திறக்கக்கூடாத மருமகள் செய்வதுபோலத் தலைத்துணி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவ பேரச் சொல்லிருங்கக்கா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவள் நாத்தனார் காதில் கிசுகிசுத்தாள். நாத்தனார் உரக்கச் சொன்னாள்: "அவரு எங்கண்ணனுக்கு அப்பான்னு நீங்கதான எழுதிப் போட்டீங்க? மாமனார் பேர மருமக எந்த ஊருல சொல்லுவா?"

சாயங்காலத்துக்குள் ஊரின் நானூறு மருமகள்களும் துணியைக் கடித்துவிட்டார்கள். விடிந்தபோது பனி கரைந்து பாதாம் மரங்கள் மொட்டு விட்டிருந்தன. நாள்காட்டியில் முப்பத்தொரு தாள் வெள்ளையாக இருந்தது.

வாரண்டில் இருந்த தேதி வரவேயில்லை. தலைநகரத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களுக்கும் ஒரு மாத வயது குறைந்ததுதான் மிச்சம். ஜனாதிபதி கோபத்தில் பிப்ரவரிக்கும் தன் பேரை வைக்கப்போனார். இவர்கள் வருஷத்தையே விழுங்கிவிடுவார்கள் என்று யாரோ காதில் போட, விட்டுவிட்டார். ஹொம்மாத் முதலில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு லாக்கப்புக்குப் போனான்; பிறகு போவதையே விட்டான்.

போன வருஷம் ஜனாதிபதி செத்தார். புதியவர் ஜனவரிக்குப் பழைய பேரைத் திருப்பிக் கொடுத்தார். வாரண்டிலும் மறக்காமல் மாதத்தின் பேரைத் திருத்தினார்.

இந்த டிசம்பர் கடைசி நாள் பாய்ராம் படமில்லாமல் வந்தார். "இப்ப அது வெறும் ஜனவரிதாங்க்கா. தாராளமாச் சொல்லலாம்."

ஓகுல்பிகே துணியை எடுத்துவிட்டு அவரிடம் நேராகவே பேசினாள். "வாரண்டக் கிழிங்க. மாசத்த விடுறோம்."

பாய்ராம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவள் நுனியை மறுபடி பல்லில் எடுத்தாள்.

மறுநாள் பிப்ரவரி ஒன்று. ஹொம்மாத் எழுந்து ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டினான். அது குடித்துவிட்டுத் துப்பியது.