கையாலேயே கழற்றலாம்

ஆதித்யா சாருடைய கம்பெனி ஒரு கிளிப் கண்டுபிடித்தது. சைக்கிளில் விளக்கோ பையோ மாட்ட ஸ்பேனர் வேண்டாம், திருகு வேண்டாம். வைத்து அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். பக்கவாட்டில் இழுத்தால் கையோடு வந்துவிடும். கேளம்பாக்கத்தில் அந்த கிளிப்பை டப்பாவில் அடைக்கிற வேலை எனக்கு. படூரில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் என் அப்பா கண்ணாயிரம் வாட்ச்மேன். இரண்டு வேலையும் அவர் போட்டுக் கொடுத்தது. அதனால் வாயைத் திறக்காதே என்பாள் அம்மா. திறக்காமல் எப்படி இருப்பது?

அந்தக் குடியிருப்பில் எல்லார் சைக்கிளிலும் அந்த கிளிப்தான். சனிக்கிழமை விடிந்தால் இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு மாமல்லபுரம் வரை மிதித்து, இட்லி தின்றுவிட்டுத் திரும்புவார்கள். தொப்பை மட்டும் எங்கேயும் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் நிற்கும் இடத்தில் சாரல். அப்பா திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பயிர் வைத்தவர். எங்கள் ஊரில் கிணற்று மோட்டாரை நிறுத்தினால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்கள். கையால் கழன்று வருகிற எதையும் வெளியே விட்டுவைக்க எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. அப்பா விளக்குகளையும் பைகளையும் கழற்றி, தன் துண்டால் துடைத்து, தன் அறைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தார்.

காலையில் அவர் மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தபோது சைக்கிள்காரர்கள் இறங்கி வந்தார்கள். மொட்டையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்ததும் நேராக அப்பாவின் அறைக்குத்தான் போனார்கள். வேறெங்கும் தேடவே இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குள் அப்பா மாடியிலிருந்து வந்துவிட்டார்.

"நான்தான் சார் எடுத்து வெச்சேன். மழைல நனைஞ்சிகினு இருந்திச்சி."

"உன்ன யாரு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார் ஆதித்யா சார்.

"யாரும் சொல்லல சார். கையாலயே கயண்டுகினு வருது. அப்டியே வுட்டா எவனாவது தூக்கினு பூடுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். பனைமரத்தடியில் பாலைக் குடித்த கதைதான். சைக்கிள் நிற்கும் இடத்துக் காமிராவில் அப்பா விளக்குகளைக் கழற்றுவது பதிந்திருந்தது; அந்தப் படம் குடியிருப்பு வாட்ஸாப்பில் ஏறியது. அப்பாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. கீழே 'உஷார், திருடன்' என்று எழுதியிருந்தார்கள். படம் பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் போனது. அப்பாவை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் படூரில் எந்த கேட்டிலும் அவருக்கு வேலையில்லை.

நான் ஆதித்யா சாரிடம் போனேன்.

"எங்கப்பாவ உங்களுக்கு நல்லா தெரியும் சார். திருடலன்னு குரூப்ல ஒரு வார்த்த போடுங்க."

"தெரியும் அம்சா. ஆனா இப்ப நான் எதச் சொன்னாலும் கிளிப்பத்தான் பேசுவாங்க. ஈஸியா திருடலாம்னு பேர் வந்துடும்."

கிளிப்பின் பேர் கெடக் கூடாது. அப்பாவின் பேர் கெட்டால் பரவாயில்லை. நான் அன்றோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் கம்பெனி விளம்பரம் என் போனில் வந்தது. அதே சாரல், அதே துண்டு. அந்தக் காமிராப் படத்தையே கடைசியிலிருந்து முதலுக்கு, தலைகீழாக ஓட்டியிருந்தார்கள். ஒவ்வொரு விளக்காகக் கழற்றிய அப்பா, இதில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு போனார். 'எந்த வயதிலும், எந்தக் கருவியும் இல்லாமல்!' என்று எழுத்து ஓடியது. முகத்தை மட்டும் கலங்கலாக்கி மறைத்திருந்தார்கள்.

அப்பா போனை வாங்கி மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

"மூஞ்ச இன்னாத்துக்கு மறைச்சிக்கீறாங்க?"

"நம்மளக் கேக்காம மூஞ்சக் காட்டினா கேஸாயிடும்ப்பா. அதான்."

"திருடன்னு போட்டப்ப காட்டினாங்களே," என்றார் அப்பா. "அன்னிக்கி எவன் என்னக் கேட்டான்?"